எண்பத்திரண்டாம் எண் சட்டை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பிரகாஷ் கேட்டான். இரண்டு பக்கம் போதும், பயமுறுத்தாமல் எழுதுங்கள் என்றும் சொன்னான். இன்றைக்கு அவன் உங்களுக்கு மேலாளர். எனக்கு இன்னும் பிரகாஷ்தான். இரண்டு பக்கத்தில் நான் எதையும் சொல்லி முடித்ததில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். பயமுறுத்த மாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுக்கவில்லை.

படத்தை எப்படி வெட்டுவது, எந்தக் கட்டத்தில் எந்த எண்ணைப் போடுவது என்பதையெல்லாம் அவன் சொல்லித் தருவான். அது ஒரு வாரத்தில் வந்துவிடும். வராவிட்டால் நீங்கள் வேறு வேலை தேடிக்கொள்வது நல்லது. நான் எழுதப்போவது நான் செய்த ஒரு தவறைப் பற்றி. சரியாகச் சொன்னால் இரண்டு தவறு. முதல் தவறை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்று எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாவதைப் பற்றி இங்கே மூன்று பேருக்குத்தான் தெரியும்.

நம் வேலையை வெளியாட்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். நான் ஏதோ சூதாட்டக் கம்பெனியில் இருந்ததாகத்தான் என் அண்ணன் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. கையால் எறிவதும் பிடிப்பதும், எதிராளியைத் தோளால் தடுப்பதும்தான் ஆட்டம். ஒவ்வொரு ஏப்ரலிலும் அங்கே தொழில்முறை அணிகள், கல்லூரியில் ஆடி முடித்த பையன்களை முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும். ஏழு சுற்று நடக்கும். அதற்குப் பெயர் டிராஃப்ட். அந்த அணிகளில் ஒன்றுக்காக, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு சூட்கேஸ் கடைக்கு மேலே உட்கார்ந்து, கல்லூரி ஆட்டங்களின் படங்களைப் பார்த்து நாம் அறிக்கை எழுதுகிறோம். அங்கே சனிக்கிழமை ஆட்டம் முடிந்து எல்லோரும் தூங்கப் போகும்போது நமக்கு ஞாயிறு விடிந்திருக்கும். அவர்கள் எழுந்து கண்ணைத் துடைக்கும்போது நம் அறிக்கை காத்திருக்கும்.

நமக்குக் கொடுத்திருப்பது இரண்டு வகை ஆட்டக்காரர்களை. ஓரத்தில் நின்று, ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவன் ரிசீவர். டைட் எண்ட் என்பவன் பாதி நேரம் சுவர், பாதி நேரம் ரிசீவர். வாசலில் நின்று ஆளைத் தள்ளுவான், அடுத்த நொடியே உள்ளே ஓடிப் பந்தையும் பிடிப்பான். இரண்டு வேலையும் நன்றாகச் செய்பவன் அபூர்வம். ஒன்றை நன்றாகச் செய்து மற்றதில் ஒப்பேற்றுபவன்தான் அதிகம். நம் வீட்டு ஆட்களும் அப்படித்தானே.

எனக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆங் மோ கியோவில் ஒரு பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா. சனி, ஞாயிறுகளில் நெட்பால் என்கிற வலைப்பந்துக்கு நடுவர். அமெரிக்கக் கால்பந்தை அதுவரை ஒரு நிமிடம்கூடப் பார்த்ததில்லை. நேர்முகத்தில் அப்போதைய மேலாளர் ஒரு சிறு படத்தைப் போட்டுக் காட்டி, என்ன நடந்தது என்று கேட்டார். அவரை நாங்கள் எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். முன்னாள் உடற்கல்வி ஆசிரியர். சிரிக்க மாட்டார், ஆனால் சிரிக்க வைப்பார்.

"கடைசியா இறங்கினப்ப அவனோட இடது கால் கோட்டுக்கு வெளிய இருந்துச்சு சார்," என்றேன்.

"பந்து என்னாச்சு?"

"தெரியல சார். நான் பந்தைப் பாக்கல."

எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் என்ன அருமையான பிடி என்று வியந்தார்களாம். வலைப்பந்து நடுவருக்குக் கால்தான் முக்கியம். பந்து வாங்கியவள் எந்தக் காலில் இறங்கினாள், எந்தக் காலை நகர்த்தினாள் என்று பார்த்துப் பார்த்து, என் கண் தானாகவே தரைக்குப் போய்விடும். மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார். எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, அது அன்றைக்குத் தொடங்கியது.

பாஸ் ஒரு பழக்கம் வைத்திருந்தார். பார்வையாளருக்கு ஆட்டக்காரனின் பெயரைச் சொல்லக் கூடாது. கல்லூரிக்கு ஒரு குறியீடு, பையனுக்குச் சட்டை எண், அவ்வளவுதான் எங்கள் கோப்பில் இருக்கும். முன்பு யாரோ ஒருவர், புகழ்பெற்ற ஓர் ஆட்டக்காரரின் மகன் என்று தெரிந்து, இல்லாத திறமையை எல்லாம் எழுதி வைத்துவிட்டாராம். பெயர் தெரிந்தால் அப்பா தெரிவார், ஊர் தெரியும், நிறம் தெரியும். "எண்ணைப் பாரு, ஆளைப் பாக்காத," என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. பெயரை வைத்து ஆளை எடைபோடுவது எப்படி இருக்கும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும்.

நான் சேர்ந்த மூன்றாம் வருடம் ஒரு சின்னக் கல்லூரியின் கோப்பு எனக்கு வந்தது. எண்பத்திரண்டு, டைட் எண்ட், கடைசி வருடம். படம் படுமோசம். உயரத்தில் ஏதோ ஒரு கம்பத்தில் கேமராவைக் கட்டி வைத்து எடுத்தது. தலையில் கவசம் இருப்பதால் முகம் எப்போதுமே தெரியாது. இந்தப் படத்தில் எண் தெரிந்ததே பெரிய விஷயம். பையன் டைட் எண்டுக்கு ஒல்லி. சில சமயம் சுவராக நிற்கிறான், சில சமயம் ஓரத்தில் ரிசீவர் போல நிற்கிறான். பயிற்சியாளர் அவனை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் பார்த்தேன். நான்கு அபாரமான பிடிகள் இருந்தன. ஏழு முறை கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டிருந்தான். ஆனால் என்னை உறுத்தியது கைகள் இல்லை, கால்கள். சில இடங்களில் குதிகாலை அழுத்தி, பாரம் தூக்குகிறவன் போல ஓடினான். வேறு சில இடங்களில் முன்பாதத்தில் மிதந்து போனான். அறிக்கையில் நான் எழுதிய வரி இன்றைக்கும் மனப்பாடம்: "இவனால் வேகமாக ஓட முடியும், மனம் இருந்தால் மட்டும் ஓடுகிறான். பாதி நேரம் சோம்பல். நம்ப முடியாது."

எங்கள் அளவுகோலில் முதல் சுற்றிலிருந்து ஏழாம் சுற்றுவரை தரம் போடுவோம். அதற்குக் கீழே "அழைக்கலாம்" என்று ஒன்று உண்டு. ஏழு சுற்றிலும் யாரும் எடுக்காத பையன்களுக்கு, டிராஃப்ட் முடிந்த கையோடு அணிகள் நேரடியாகத் தொலைபேசியில் பேசி இடம் கொடுக்கும். அந்த இடங்கள் ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். எல்லாவற்றுக்கும் கடைசியில் இருப்பது "வேண்டாம்". நான் "வேண்டாம்" போட்டேன். சோம்பேறிகள் மேல் எனக்கு அப்போது இரக்கம் கிடையாது. அறிக்கை அமெரிக்காவுக்குப் போனது, பையன் பட்டியலிலிருந்து போனான். நான் அடுத்த கோப்பைத் திறந்தேன்.

டிராஃப்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, பழைய கோப்புகளின் படங்களைப் பிரகாஷ் அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் அப்போது சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தோ பாயோவிலிருந்து வருவான், வந்ததும் முதல் வேலையாகப் பசிக்கிறது என்பான். அன்றைக்கு வந்ததும் பசிக்கிறது என்று சொல்லவில்லை.

"சபீனாக்கா, ஒரு நிமிஷம் வாங்களேன். இந்த எய்ட்டி டூ ரெண்டு பேரு லா."

"என்ன உளர்ற?"

"பாருங்க. இவன் எல்லா ப்ளேலயும் வலது மணிக்கட்டுல டேப் சுத்தியிருக்கான். இவன் சுத்தல. ஒரே மேட்ச்தான், அதுலயும் ஒரே குவார்ட்டர். நடுவுல எப்படி கழட்டுவான்?"

அமெரிக்கக் கல்லூரி அணியில் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். சட்டை எண் தொண்ணூற்றொன்பதோடு முடிந்துவிடும். அதனால் இரண்டு பேருக்கு ஒரே எண் கொடுப்பது உண்டு. இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தாக்கும் பக்கம் ஒருவன், தடுக்கும் பக்கம் ஒருவன் என்று பல முறை பார்த்திருக்கிறேன். தாக்கும் பக்கத்திலேயே, ஒருவன் டைட் எண்டாகவும் இன்னொருவன் ரிசீவராகவும் ஒரே எண்ணில் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. விதிப்படி இருவரும் ஒரே நேரத்தில் திடலில் இருக்க முடியாது. ஒருவன் உள்ளே வந்தால் மற்றவன் வெளியே போயிருப்பான். அதனால்தான் இரண்டு எண்பத்திரண்டை நான் ஒரே படத்தில் பார்க்கவே இல்லை.

வலைப்பந்தில் இது நடக்கவே முடியாது. மார்பிலும் முதுகிலும் எண்ணுக்குப் பதில் ஆடும் இடத்தைக் குறிக்கும் எழுத்து இருக்கும். ஓர் அணியில் ஓர் எழுத்து ஒருத்திக்குத்தான். இருபது வருடம் அந்த எழுத்தை நம்பிப் பழகியவள் நான். அமெரிக்காவில் பிறந்த ஒரு கத்துக்குட்டிகூட இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டான் என்று பின்னால் ஒருவர் சொன்னார். அவர் சொன்னது சரி.

கோப்பில் பெயர் இருந்திருந்தால் நான் கல்லூரியின் ஆட்டக்காரர் பட்டியலைப் பார்த்திருப்பேன். எங்கள் பழக்கம் அதைத் தடுத்தது. ஆனால் அதன் மேல் பழியைப் போட எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் என் கண் அதைப் பார்த்துவிட்டது. இரண்டு விதமான கால்கள் என்று நானே கண்டுபிடித்து, நானே எழுதியிருக்கிறேன். இரண்டு விதமான கால் இருந்தால் இரண்டு ஆள் என்று நினைக்காமல், ஒரே ஆளின் கெட்ட குணம் என்று முடிவு கட்டினேன். இதை மட்டும் நீங்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளலாம். பார்த்தது பொருந்தாதபோது பையனைத் திட்டுவது சுலபம். திட்டுவதற்கு முன்னால் நீங்கள் பார்த்தது என்ன என்று இன்னொரு முறை கேளுங்கள்.

பாஸிடம் போனேன். அந்த மாதம்தான் அந்த அணியோடு நம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவருடைய மேசையில் அந்தக் காகிதங்கள்தான் இருந்தன. நான் சொல்லி முடிக்கும்வரை அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"வேற எத்தனை ஃபைல்ல இப்படி இருக்கும்?"

"தெரியல பாஸ். சின்னக் கல்லூரி ஃபைலு ஒம்பது இருக்கு. எல்லாத்தையும் இன்னைக்கே ஆரம்பிச்சு பாத்துடறேன்."

"பாரு. அதுக்கு முன்னாடி அவங்களுக்கு போன் பண்ணு. நான் பண்ண மாட்டேன். நீயே பண்ணு."

"கான்ட்ராக்ட்..."

"அது என் கவலை, சபீனா. நீ போன் பண்ணு."

பண்ணினேன். அந்தப் பக்கம் எங்கள் அறிக்கைகளைப் படிப்பவர் ஒரு பெண்மணி, அதிகம் பேசாதவர். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, புது அறிக்கை எப்போது வரும் என்று மட்டும் கேட்டார். நான்கு நாள் என்றேன். சரி என்று வைத்துவிட்டார். வைத்த பிறகு நான் கழிவறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன், அதையும் மறைப்பானேன்.

மற்ற ஒன்பது கோப்பிலும் தவறு இல்லை. எண்பத்திரண்டின் படங்களைப் பிரகாஷ் இரண்டாகப் பிரித்துக் கொடுத்தான். மணிக்கட்டில் டேப் சுற்றியவன் டைட் எண்ட். அவன் படங்கள் ஒரு கோப்புறையில். டேப் இல்லாதவன் ரிசீவர். அவன் படங்களைப் போட்ட கோப்புறைக்கு "மத்தவன்" என்று பெயர் வைத்தான்.

டைட் எண்டை முதலிலிருந்து பார்த்தேன். சோம்பலாவது ஒன்றாவது! ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரே மாதிரி, குதிகாலை ஊன்றி, தன்னைவிடக் கனமானவர்களைத் தள்ளிக்கொண்டே இருந்தான். ஒரு முறைகூட ஓய்ந்து நிற்கவில்லை. இவனையா நம்ப முடியாது என்று எழுதினேன் என்று வெட்கமாக இருந்தது. ஏழு தவறவிட்ட பந்துகளில் ஐந்து மற்றவனுடையவை. நான்காம் சுற்றில் எடுக்கலாம் என்று தரம் போட்டு, வரிந்து வரிந்து எழுதி, பாஸிடம் கொடுத்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார்.

"இது ரிப்போர்ட்டா, மன்னிப்பு லெட்டரா?"

எனக்குக் கோபம் வந்தது. "தப்பு பண்ணிட்டேன், சரி பண்றேன் பாஸ்."

"அவன் எத்தனை நல்ல கேட்ச் பிடிச்சிருக்கான்?"

எண்ணிப் பார்த்தேன். நான்கு அபாரமான பிடிகளில் மூன்று மற்றவனுடையவை. தவறுகளை டைட் எண்டின் தலையிலிருந்து இறக்கிய நான், மற்றவனின் பிடிகளை மட்டும் அவன் தலையிலேயே விட்டுவைத்திருந்தேன். வேண்டுமென்று இல்லை. எடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

"மன்னிப்பு கேக்கணும்னா மனசுல கேளு. கிரேடுல கேக்காத. நீ கூட்டிப் போட்டா இன்னொரு பையன் கீழ இறங்குவான். அவன்கிட்ட யாரு மன்னிப்பு கேக்கிறது?"

திரும்பவும் எழுதினேன். நல்ல சுவர், சுமாரான கை, ஓயாத உழைப்பு, ஏழாம் சுற்று. அனுப்பினோம். அந்தப் பெண்மணி, தெளிவாக இருக்கிறது என்று பதில் எழுதினார். ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டது. தவறை நீங்களாகவே சொன்னதால்தான் உங்கள்மேல் நம்பிக்கை வந்தது என்று அவர்கள் சொன்னதாக பாஸ் சொன்னார். அலுவலகத்தில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நானும் என்னைப் பாராட்டிக்கொண்டேன்.

டிராஃப்டின் கடைசி நாள் நமக்கு ஞாயிறு காலை. நானும் பிரகாஷும் முதல் ரயிலைப் பிடித்து வந்துவிட்டோம். பாஸ் கிளமெண்டியில் மகள் வீட்டில் இருந்தார், எடுத்தால் சொல்லுங்கள் என்றிருந்தார். ஏழாம் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. நம் அணியின் முறை வந்தது. திரையில் அந்தக் கல்லூரியின் பெயர் வந்ததும் பிரகாஷ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். டைட் எண்டை எடுத்துவிட்டார்கள். பெயர் தெரியாமல் நான் கால்களை மட்டும் பார்த்த அந்தப் பையன், எங்கோ ஒரு வீட்டு சோபாவில் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். பிரகாஷ் கீழே போய் இரண்டு தோசையும் கோப்பியும் வாங்கி வந்தான். பாஸுக்குப் போன் செய்தேன். "நல்லது, சாப்பிட்டு வீட்டுக்குப் போங்க," என்றார்.

சுற்று முடிந்தது. மணி ஏழைத் தாண்டியிருக்கும். பிரகாஷ் ஒரு கையால் தோசையைப் பிய்த்துக்கொண்டே, அந்த வருடத்துக் கோப்புகளை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இந்த 'மத்தவன்' ஃபோல்டர டிலீட் பண்ணிடவா? இடம் அடைக்குது."

பண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்கோ, திற என்றேன்.

முதல் படத்தில் அவன் ஓரத்தில் நின்றான். பந்து விடுபட்டதும் முன்பாதத்தில் எழுந்து போனான். அவனை மறிக்க வேண்டியவன் மூன்று எட்டிலேயே பின்தங்கிவிட்டான். அந்த ஓட்டத்தைத்தான் நான் மூன்று மாதத்துக்கு முன், மனம் இருந்தால் மட்டும் ஓடுகிறவன் என்று எழுதியிருந்தேன். அடுத்த படமும் அப்படி. அதற்கடுத்த படத்தில் இரண்டு பேருக்கு நடுவில் எம்பி, ஒரு கையால் பிடித்து, இரண்டு காலையும் கோட்டுக்குள் வைத்து இறங்கினான். நான் தோசைத் தட்டைக் கீழே வைத்தேன்.

"இவன் எந்த வருஷம்?"

பிரகாஷ் கல்லூரிப் பட்டியலைத் தேடி எடுத்தான். கடைசி வருடம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்கு நம்மிடம் கோப்பே கிடையாது. அவன் நன்றாக ஆடியதையும் தவறியதையும் நான் வேறொருவன் பெயரில் எழுதினேன். பிறகு தவறைத் திருத்துகிறேன் என்று, கோப்பு இருந்தவனுக்கு மட்டும் நியாயம் செய்தேன். இவனை ஒரு கோப்புறையில் போட்டு, மற்றவன் என்று எழுதி, மூன்று வாரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாஸ் கேட்டாரே, இன்னொரு பையனிடம் யார் மன்னிப்புக் கேட்பது என்று. அவர் யாரையோ பொதுவாகச் சொன்னார் என்று நினைத்தேன்.

ஏழு சுற்றிலும் இவனை யாரும் எடுக்கவில்லை. அமெரிக்காவில் எல்லா அணிக்காரர்களும் அந்த நேரத்தில் தொலைபேசியும் கையுமாக இருப்பார்கள். யாரும் எடுக்காத பையன்களை அழைத்துக்கொண்டிருப்பார்கள். நம் பெண்மணியும் தன் மேசையில்தான் இருப்பார்.

"போன் போடுங்க அக்கா," என்றான் பிரகாஷ். "இப்பவே."

"என்னன்னு சொல்றது? பதினேழு படம் இருக்கு, அவன்னு தெரிஞ்சு நான் மூணுதான் பாத்திருக்கேன்."

"மூணு பாத்தேன்னு சொல்லுங்க."

"அஞ்சு பந்து விட்டிருக்கான்டா. ஏன் விட்டான்னு தெரியாம எப்படி சொல்றது? ஒரு தடவ மானம் போனது போதாதா? பாத்துட்டு ஒழுங்கா எழுதி அனுப்பலாம்."

"டைம் இல்ல அக்கா."

"கொஞ்ச நேரம்தான்."

அவன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் போட்டுக் கொடுத்தான். நான் மிகவும் நன்றாக வேலை செய்தேன் என்று சொல்ல வேண்டும். பதினேழையும் பார்த்தேன், சிலவற்றைப் பத்து முறை பார்த்தேன். தவறவிட்ட ஐந்தில் மூன்று, பிடிப்பதற்கு முன்பே ஓட நினைத்ததால் வந்தவை, பயிற்சியில் திருத்திவிடலாம். கால்கள் நான் அதுவரை பார்த்ததிலேயே சிறந்தவற்றில் சேரும். மணிக்கட்டு டேப், சட்டை எண், கல்லூரிப் பட்டியல் எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டாகச் சரிபார்த்தேன். நான்காம் சுற்றுத் தரம், உடனே அழையுங்கள் என்று எழுதினேன். அனுப்பியபோது மணி பத்தரை. கீழே சூட்கேஸ் கடைக்காரர் கதவைத் தூக்கும் சத்தம் கேட்டது.

பத்து நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. அந்தப் பெண்மணி தாமே அழைத்தார். அறிக்கை மிக நன்றாக இருக்கிறது என்றார். இப்போதுதான் இரண்டு படம் பார்த்தாராம், பையன் அற்புதம் என்றார். ஆனால் ரிசீவர்களுக்கான கடைசி இடம் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நிரம்பிவிட்டது. கொடுத்த வாக்கை மாற்ற முடியாது. பிறகு, குறை சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லாமல் கேட்டார்: மூன்று மணி நேரத்துக்கு முன்னால் ஒரு பெயர் மட்டும் சொல்லியிருக்கலாமே, படம் எங்களிடமும் இருந்ததே, நாங்களே பார்த்திருப்போமே?

பாஸிடம் சொன்னேன். அவர், அடுத்த வாரத்திலிருந்து ஒருவரிடம் பெயர்ப் பட்டியல் இருக்கட்டும், அவர் பார்க்காமல் கோப்பு வெளியே போகக் கூடாது என்றார். நீங்கள் இன்று பின்பற்றும் அந்த விதி அங்கிருந்து வந்ததுதான்.

மற்ற அணி எதுவும் அவனை அழைக்கவில்லை. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் எல்லா அணிகளின் பட்டியலிலும் அவன் பெயரைத் தேடினேன். இல்லை. டைட் எண்ட் நான்கு வருடம் ஆடினான், நல்ல பெயர் எடுத்தான், அவனை நினைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். மற்றவன் என்ன வேலை பார்க்கிறான் என்று எனக்குத் தெரியாது. ஒரு பெண் லிட்டில் இந்தியாவில் உட்கார்ந்து தன்னுடைய ஆட்டத்தை இன்னொருவன் கணக்கில் எழுதினாள் என்பது அவனுக்கும் தெரியாது.

அன்றைக்கு நான் மூன்று மணி நேரம் சரிபார்த்தது அவனுக்காக என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன். அவனுக்காக இல்லை. இரண்டாவது முறையும் தவறிவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. முதல் தவறை ஒப்புக்கொண்டு கிடைத்த நல்ல பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பிரகாஷுக்கு அது தெரிந்திருந்தது. இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதுதான் அவன் சொன்னது என்று நினைக்கிறேன்.

நிதானமாகப் பாருங்கள், சரிபாருங்கள், அதெல்லாம் நம் தொழில். ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது உங்களுக்குப் பாதிதான் தெரியும் என்றால், பாதிதான் தெரியும் என்று சொல்லித் தொலைபேசியை எடுங்கள். "நான் மூன்று படம்தான் பார்த்திருக்கிறேன், ஆனால் இந்தப் பையனைப் பாருங்கள்." இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.